இரண்டாம் வியாழக்கிழமை

மார்ச் 18, திங்கள்

எட்டாம் வகுப்பில் வெப்பம் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது சங்கமித்திரை என்ற பெண் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். "டீச்சர், குக்கர்ல விசில் வரலன்னா உள்ள சூடு இல்லன்னு அர்த்தமா?" வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சூடு இல்லாமலும் இருக்கலாம், ஆவி போகும் துளையில் ஒரு பருப்புத்தோல் அடைத்துக்கொண்டும் இருக்கலாம், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும் என்றேன். "அப்ப எப்படி டீச்சர் கண்டுபிடிக்கிறது?" என்று அவள் கேட்பதற்கும் மணி அடிப்பதற்கும் சரியாக இருந்தது. நான் ஓய்வு பெற்றே சில வருடங்கள் ஆகின்றன. அந்தக் கேள்வி மட்டும் சில வாரங்களாகச் சமையலறையில் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது.

இன்று காலை காவல் நிலையத்திலிருந்து ஒரு காவலர் வந்தார். தேர்தல் அறிவித்துவிட்டார்களாம். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதை நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், தேர்தல் முடிந்ததும் திருப்பித் தருவார்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் இது நடப்பதுதான். என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தபின் குடியாத்தத்தில் ஒரு வங்கிக் கிளையில் காவல் வேலை பார்த்தார். அதற்காக வாங்கிய இரட்டைக்குழல் துப்பாக்கி. வேலை போன பிறகும் அது படுக்கையறை அலமாரியில்தான் இருக்கிறது.

காவலருக்கு மோர் கொடுத்தேன். இன்னொரு டம்ளரும் கொடுத்தேன். அலமாரியில் இடமே இல்லாமல் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தேன், கம்பளியெல்லாம் வைக்க இடம் கிடைக்கும்.

மார்ச் 20, புதன்

ஒப்படைத்தாகிவிட்டது. இவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். நிலையத்து எழுத்தருக்கு விறைப்பாக ஒரு சல்யூட். எழுத்தருக்கு எங்கள் மருமகன் வயதுகூட இருக்காது, பதறி எழுந்துவிட்டார். ஜூன் நான்காம் தேதி வாக்கு எண்ணிக்கை, அதற்கு ஒரு வாரம் கழித்து நாங்களே போன் செய்வோம் என்றார்.

வீட்டுக்கு வந்து காலண்டரில் ஜூன் பக்கத்தைத் தூக்கிப் பார்த்து ஒரு வட்டம் போட்டேன். அது எதற்கு என்று இவர் கேட்டார். கேஸ் சிலிண்டர் என்றேன்.

மார்ச் 27, புதன்

முன்னாள் படைவீரர்களுக்கான பாலிகிளினிக் எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன். தூக்கத்துக்காக என்றால் வந்திருக்க மாட்டார்.

இவருக்குத் தூக்கம் போய் வெகு நாளாகிறது. வீட்டைச் சுற்றி நடக்கிறார், கேட்டருகே நிற்கிறார், விடிந்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்தபடி கண் அசருகிறார். வங்கியில் வேலை போனதும் இப்படி ஒரு காரணத்தால்தான். போன தீபாவளி சமயத்தில் யாரோ ஷட்டரைப் படாரென்று இறக்கினார்கள். இவர் வரிசையில் நின்ற ஒரு பெரியவரைத் தரையில் தள்ளி அவர்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார், நீங்கள் ஓய்வெடுங்கள் சார் என்று. பூனாவிலிருந்து மகள் ஞாயிறுதோறும் போன் செய்து எப்படிப்பா இருக்கீங்க என்று கேட்பாள். எல்லாம் ஓகே என்பார். அவளும் நம்பிவிடுவாள்.

பாலிகிளினிக் டாக்டர் பட்டாளத்தில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர். அறைக்குள் நுழைந்ததும் இவர் முதுகு நிமிர்ந்தது, குதிகால் சேர்ந்தது. என்னப்பா பிரச்சினை என்றார் டாக்டர்.

"சப் டீக் ஹை, சார்."

எல்லாம் சரியாக இருக்கிறது, சார். இரண்டு பஸ் மாறி, டோக்கன் வாங்கி, மதியம் வரை காத்திருந்து இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறோம். நான் வாயைத் திறந்தேன். பேஷண்ட் பேசட்டும்மா என்று டாக்டர் கையைக் காட்டினார். பேஷண்ட் பேசி முடித்திருந்தார்.

அழுத்த மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

மாவு புளித்துவிட்டது. ஊத்தப்பமாகப் போட்டுவிட்டேன். இவர் பாதியோடு எழுந்துவிட்டார்.

ஏப்ரல் 8, திங்கள்

நான் மட்டும் பாலிகிளினிக் போய்வந்தேன். கவுண்ட்டரில் இருந்த பெண் நல்ல பெண்தான். மனநல டாக்டர் மாதத்தில் இரண்டாம் வியாழக்கிழமை மட்டும் வருவார், அவரைப் பார்க்க இங்குள்ள டாக்டர் ரெஃபரல் எழுதித் தர வேண்டும், அதற்கு நோயாளி நேரில் வந்து குறையைச் சொல்ல வேண்டும் என்று விளக்கினாள்.

"அவர் குறையைச் சொல்ல மாட்டார் என்பதுதானம்மா குறையே" என்றேன்.

அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அதில் அதற்கு இடம் இல்லை போலிருக்கிறது. வயதானால் தூக்கம் குறையும்மா, எங்கள் அப்பாவும் இப்படித்தான் என்று ஆறுதல் சொன்னாள். வரவே வராத மாணவனிடம், ஏன் வரவில்லை என்று நேரில் வந்து எழுதிக் கொடுத்தால்தான் வருகைப் பதிவில் சேர்ப்பேன் என்று சொன்னால் எப்படி? இதை அவளிடம் சொன்னேன். சிரித்தாள். டாக்டர் லீவில் இருக்கிறார், இருபதாம் தேதிக்கு மேல் வாங்க என்றாள்.

ஏப்ரல் 11, வியாழன்

இரண்டாம் வியாழன். ரம்ஜான் விடுமுறை. ரெஃபரல் இருந்திருந்தாலும் பயனில்லை என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. மாதத்துக்கு ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளும் விடுமுறையில் வந்து விழுந்தால் மாற்று நாள் ஒன்று கொடுக்கக் கூடாதா? பள்ளிக்கூடத்தில் மழைக்கு லீவு விட்டால் ஒரு சனிக்கிழமை வகுப்பு வைத்து ஈடுகட்டுவோம். பிள்ளைகள் திட்டிக்கொண்டே வருவார்கள், ஆனால் பாடம் நடக்கும்.

ஏப்ரல் 19, வெள்ளி

வாக்குப்பதிவு. எங்கள் வார்டுக்கு நான் வேலை பார்த்த பள்ளிதான் சாவடி. வாசலில் காவலுக்கு நின்ற வடநாட்டு ஜவான்களைப் பார்த்ததும் இவர் முகமே மாறிவிட்டது. அவர்களுடன் இந்தியில் பேசினார், சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று.

அதில் ஒருவன் இலேசாகத் தாங்கித் தாங்கி நடந்தான். நான் கவனிக்கவில்லை, இவர் கவனித்தார். அவனைப் படிக்கட்டில் உட்காரவைத்து, பூட்ஸையும் சாக்ஸையும் கழற்றச் சொல்லி, அவன் பாதத்தைத் தன் முழங்கால்மேல் வைத்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு பெரிய கொப்புளம். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். அந்தப் பையனுக்கு வெட்கம். இவருக்கு அதெல்லாம் தெரியவேயில்லை. அவனுடைய அதிகாரியைத் தேடிப் போய்ச் சொல்லி, அவனை நிழலில் உட்காரவைத்துவிட்டுத்தான் ஓட்டுப் போட வந்தார்.

அந்தப் பையன் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை என்பதை இங்கே குறித்து வைக்கிறேன்.

ஏப்ரல் 23, செவ்வாய்

கர்னல் டாக்டர் வந்துவிட்டார். மறுபடியும் "சப் டீக் ஹை." இந்த முறை நான் விடவில்லை. ராத்திரியெல்லாம் கேட்டருகே நிற்கிறார் சார் என்று குறுக்கே சொன்னேன். அப்படியா ஹவில்தார் என்றார் டாக்டர். "வாட்ச் டியூட்டி, சார்" என்றார் இவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். பட்டாளத்து ஆட்கள் அவர்களுக்குள் சிரித்துக்கொள்ளும்போது நடுவில் நிற்கும் பெண்பிள்ளை ஒரு ஸ்டூலுக்குச் சமம்.

இருந்தாலும் மேடம் திருப்திக்காக என்று சொல்லி ரெஃபரல் எழுதிக் கொடுத்தார். ஜூன் கடைசி வரை செல்லுமாம். என் திருப்திக்காகவே இருக்கட்டும். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

மே 9, வியாழன்

காலை ஐந்து மணிக்கே குளித்துக் கிளம்பினோம். மனநல டாக்டர் ஒரு இளம்பெண், பேச்சு நிதானம், கண்ணைப் பார்த்துப் பேசுகிறாள். இவளிடம் சொல்லிவிடுவார் என்று எனக்கு நம்பிக்கை வந்தது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை என்பதைப் பார்த்ததும் அந்த நம்பிக்கை கொஞ்சம் இறங்கியது.

தூக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நன்றாகத் தூங்குகிறேன் மேடம். பசி? நல்ல பசி மேடம். கெட்ட கனவு? நோ மேடம். வாழ்க்கை வேண்டாம் என்று தோன்றுகிறதா? நோ மேடம். ஒவ்வொரு பதிலுக்கும் அவள் ஒரு டிக் போட்டாள். நான் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர், நான் ஒன்று சொல்லலாமா என்றேன். சொல்லுங்கம்மா என்றாள். இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை என்று மட்டும் சொன்னேன். லேசான ஒரு மாத்திரை எழுதினாள். தேவைப்பட்டால் அடுத்த மாதம் வாருங்கள் என்றாள். வெளியே நாற்பது பேராவது உட்கார்ந்திருந்தார்கள். அவளைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

பஸ் நிறுத்தத்தில் நான் நிதானம் இழந்துவிட்டேன். ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"பொய் இன்னா? ஆபீசர் கேட்டாங்க, ரிப்போர்ட் குடுத்தேன்" என்றார். "ரிப்போர்ட்டு அப்டித்தான் குடுக்கணும், புனிதா."

மருந்துக் கவுண்ட்டரில் அந்த மாத்திரை ஸ்டாக் இல்லை.

மே 14, செவ்வாய்

மிளகாய் அரைக்க மாவு மில்லுக்குப் போனேன். மில் வைத்திருக்கும் தனகோட்டி பட்டாளத்தில் இவருடன் ஒரே கம்பெனியில் நாயக் பதவியில் இருந்தவர். இவரை அண்ணே என்றும் என்னை அண்ணி என்றும் கூப்பிடுவார். கிண்டல் இல்லாமல் ஒரு வாக்கியம் பேச வராது.

"இன்னா அண்ணி, மொளகாவா? ஹவில்தார் சாப்பு கண்ணுல தூவுறதுக்கா?"

நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அதாவது, சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியதை எல்லாம். டாக்டரிடம் போய் விறைப்பாக நின்று எல்லாம் சரி என்கிறாரே, உங்கள் ஆட்களுக்கு வாயில் என்ன பூட்டு போட்டிருக்கிறது என்று கேட்டேன். தனகோட்டி சிரிக்கவில்லை. மோட்டாரின் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திச் சொன்னதை இங்கே சுருக்கி எழுதுகிறேன்.

இரண்டு பேரும் பனிமலைக் காவல் சாவடி ஒன்றில் இருந்திருக்கிறார்கள். அந்தக் குளிரில் மூக்கு, காது, கால்விரல் எல்லாம் வலிக்காமலே செத்துப்போகுமாம். மரத்துப்போவதால் அவனவனுக்கு அது தெரியாது. அதனால் ஒவ்வொருவனுக்கும் ஒரு கூட்டாளி உண்டு. காலையும் மாலையும் ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்க வேண்டும், சாக்ஸைக் கழற்றி விரல்களைப் பார்க்க வேண்டும். மேலே ரிப்போர்ட் கொடுக்கும்போது தன்னைப் பற்றி ஒருவனும் சொல்ல மாட்டான். கூட்டாளியைப் பற்றித்தான் சொல்வான். தன்னைப் பற்றிக் கேட்டால் எல்லாம் டீக்.

"நம்ம மூக்கு வெளுத்தா நமக்கு எப்டி அண்ணி தெரியும்? பக்கத்துல கீறவன்தான சொல்லணும்?"

இவருடைய கூட்டாளி வர்கீஸ் என்ற கேரளத்துப் பையன். அந்தப் பெயரை இவர் தூக்கத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன், விழித்திருக்கும்போது சொல்லிக் கேட்டதில்லை. புயல் அடித்து அடுப்பு அணைந்த ஒரு மாலையில் இரண்டு பேரும் களைத்துப்போய்த் தூக்கப்பைக்குள் படுத்துவிட்டார்கள். இவர் இருட்டில் குரல் கொடுத்தார், கால் எப்படிடா இருக்கு என்று. டீக் ஹை என்றான் வர்கீஸ். புயல் நின்று ஹெலிகாப்டர் வருவதற்குள் இரண்டு காலும் கறுத்துவிட்டன. கீழே ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

"அன்னிக்கு அண்ணன் பாக்கல அண்ணி. கேட்டாரு. அவ்ளோதான்."

மிளகாய்த்தூளை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். தெருமுனை வரை மில் சத்தம் கேட்டது. என்னுடைய மிளகாய்தான் கடைசி. எனக்குப் பின்னால் யாரும் இல்லை. அரைக்க ஒன்றுமில்லாமல் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

மே 15, புதன்

காலையில் மீண்டும் மில் பக்கம் போனேன், வாங்க ஒன்றும் இல்லாமலே. அரைக்க வந்தவர்கள் யாரும் இல்லை, மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தனகோட்டி அதன் பக்கத்தில் மூட்டைமேல் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டார்.

மே 27, திங்கள்

ஒரு வேலை செய்தேன். இவரிடம், தனகோட்டிக்கு உடம்பு சரியில்லை போலத் தெரிகிறது, வெறும் மில்லை ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கூட்டிக்கொண்டு போனால் என்ன என்றேன். இவர் அன்று மாலையே மில்லுக்குப் போய் வெகுநேரம் இருந்துவிட்டு வந்தார். ஆமாம், அவன் சரியாக இல்லை, நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார்.

தனகோட்டியிடம், இவரைத் தனியாக அனுப்ப பயமாக இருக்கிறது, கூட்டாளியாக வர முடியுமா என்றேன். அண்ணனுக்காக வரேன் அண்ணி, எனக்கு இன்னா, நான் நல்லாத்தான கீறேன் என்றார்.

இரண்டு பேரிடமும் நான் பொய் சொல்லவில்லை.

ஜூன் 4, செவ்வாய்

எண்ணிக்கை. பத்து மணியிலிருந்தே கடைத்தெருவில் பட்டாசு. முதல் சரம் வெடித்ததும் இவர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். நான் கதவுக்கு வெளியே மணையைப் போட்டு உட்கார்ந்தேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. வாயில் வந்தது பாடம்தான். ஒலி எப்படிப் பரவுகிறது, இடி ஏன் மின்னலுக்குப் பிறகு கேட்கிறது, வெற்றிடத்தில் ஏன் கேட்பதில்லை. ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்பு, இரண்டும் முடித்துவிட்டேன். சாப்பாட்டு நேரத்துக்குச் சத்தம் ஓய்ந்தது. உள்ளேயிருந்து, "வெற்றிடம்னா அங்க ஒண்ணுமே இருக்காதா?" என்று கேட்டார்.

ஒன்றுமே இருக்காது என்றேன்.

"நல்ல எடம்" என்றார்.

ரசம் சூடாக்கி வைத்தேன்.

ஜூன் 10, திங்கள்

நிலையத்திலிருந்து போன் வந்துவிட்டது. இந்த வாரத்துக்குள் வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம். போனை நான்தான் எடுத்தேன், ஆனால் ஸ்பீக்கரில் இருந்தது. இவர் உடனே சவரம் செய்யக் கண்ணாடி முன்னால் நின்றுவிட்டார்.

துப்பாக்கியை ஒப்படைத்தபோது கொடுத்த ரசீதைக் காணோம் என்றேன். தேடிப் பார்த்துவிட்டுப் போகலாம், வியாழக்கிழமை டாக்டரிடம் போய்விட்டு வந்து தேடலாம் என்றேன். அலமாரியில் இப்போது கம்பளி இருக்கிறது, அதை எங்கே எடுத்து வைப்பது என்றும் சொன்னேன். பாதி முகத்தில் நுரையோடு என்னையே பார்த்தார். பிறகு மீதியையும் மழித்துக்கொண்டு வந்து செய்தித்தாளை எடுத்துக்கொண்டார்.

மூன்று நாள். டாக்டர் மட்டும் வராமல் இருந்துவிடக் கூடாது.

ஜூன் 12, புதன்

பாலிகிளினிக்குக்குப் போன் செய்தேன். டாக்டர் நாளை வருவாரா என்றேன். வர வேண்டும் என்றார்கள். மீண்டும் செய்தேன். யாரும் எடுக்கவில்லை.

ஜூன் 13, வியாழன்

டாக்டர் வந்திருந்தாள்.

நான், இவர், தனகோட்டி மூன்று பேரும் உள்ளே போனோம். ஒருத்தர்தான் துணைக்கு வரலாம் என்று வாசலில் ஒருவர் தடுத்தார். "இவுங்க அவருக்குத் துணை, நான் இவுங்களுக்குத் துணை" என்று சொல்லித் தனகோட்டி நுழைந்துவிட்டார்.

எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டாள். இவர் எழுந்தார். ஆல் ஓகே மேடம். அவள் பேனா தாளைத் தொடுவதற்குள் பக்கத்தில் தனகோட்டியும் எழுந்து விறைப்பாக நின்றார்.

"மேடம், நாயக் தனகோட்டி. நான் இவரு கூட்டாளி. இவரு ரிப்போர்ட்ட நான் குடுக்குறேன்."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சொல்லுங்கள் என்றாள். தனகோட்டி எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே, அணிவகுப்பில் சொல்வதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னார். "தூக்கம் இல்ல. ராத்திரி கேட்டாண்ட நிக்கிறாரு. சாப்பாடு பாதி. பட்டாசு வெடிச்சா பாத்ரூம்ல பூந்துக்குறாரு. வர்கீஸ்னு ஒரு பையன், மலைல கால் கறுத்து, கீழ ஆஸ்பத்திரில செத்துட்டான். அத எவன்கிட்டயும் பேச மாட்டாரு. ரிப்போர்ட் முடிஞ்சிச்சு, மேடம்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தாள்.

இவருடைய காது சிவந்துவிட்டது. எழுந்து வெளியே போய்விடுவார் என்று பயந்தேன். போகவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "மேடம், இவன் ரிப்போர்ட்டும் கீது. அரைக்க ஒண்ணும் இல்லன்னாலும் மோட்டார நிறுத்த மாட்டான். நிறுத்துனா வேற சத்தம் கேக்குதாம். இன்னா சத்தம்னு சொல்ல மாட்டேன்றான். சிரிச்சி மழுப்புவான், நம்பாதீங்க."

சொன்னதுபோலவே தனகோட்டி சிரித்தார். கூடச் சிரிக்க யாரும் இல்லை. சிரிப்பு நின்ற பிறகும் வாய் மட்டும் அப்படியே திறந்திருந்தது. டாக்டர் அவரை உட்காரச் சொன்னாள்.

வேறு ஏதாவது இருக்கிறதா என்று அவள் கேட்டாள். இல்லை மேடம் என்று இருவரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

நான் இந்த நோட்டில்கூட எழுதாத ஒன்று இருந்தது. எழுதினால் நடந்ததாக ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன். நான் எழுந்தேன்.

"இருக்கு டாக்டர். பிப்ரவரில ஒரு நாள் காலைல, பின்கட்டுல துப்பாக்கிய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தார். என்ன பண்றீங்கன்னு கேட்டேன். சுத்தம் பண்றேன்னார். சுத்தம் பண்ண எண்ணெய் வேணும், துணி வேணும். ரெண்டும் பெட்டிலதான் இருந்துச்சு. வெளிய எடுக்கவே இல்ல."

இவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"இத்தன நாளா..."

"ஆமா. தெனம் உங்களத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

அவர் உட்கார்ந்தார். அதன்பிறகு டாக்டர் கேட்டதும் இவர் சொன்னதும் அவர்களுடையது, இங்கே எழுத மாட்டேன். வெளியே இருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள், இருமினார்கள், ஒருவர் உள்ளே என்ன கல்யாணமா நடக்கிறது என்று சத்தம் போட்டார். டாக்டர் கதவைத் திறந்து, எல்லாரையும் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று சொல்லிவிட்டு மீண்டும் மூடினாள். துப்பாக்கி இப்போது எங்கே என்று கேட்டாள். நிலையத்தில் என்றேன். அது அங்கேயே இருக்க வேண்டும் என்று இவரைப் பார்த்துச் சொன்னாள்.

அடுத்த மாதம் வரை விட முடியாது, இருவரும் வாராவாரம் தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். இடையில் இவர் ஒரு மாதிரி இருந்தால் எந்த நேரமானாலும் என்று தன் போன் நம்பரையும் எழுதினாள். கவுண்ட்டரில், அங்கே போக வேறு ரெஃபரல் வேண்டும் என்றார்கள். கர்னல் டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். தனகோட்டியின் மருத்துவக் கார்டு காலாவதி ஆகியிருந்தது. மாத்திரை ஸ்டாக் இல்லை, இல்லை என்று ஒரு முத்திரை குத்தித் தருவோம், வெளியே வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். முத்திரை வைத்திருந்தவர் போய்விட்டார்.

நான் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு தூரம் வந்து, சொல்லவே முடியாததைச் சொல்லி முடித்த பிறகும், ஒரு முத்திரைக்காகக் காத்திருக்க வேண்டுமா? முப்பத்துமூன்று வருடம் பிள்ளைகளிடம் பொறுமை பொறுமை என்று சொல்லிக் கொடுத்தேன். அது எப்போதும் நல்ல பாடம் இல்லை. நான் எழுந்து போய்க் கவுண்ட்டர் முன்னால் நின்றேன். முத்திரை வரும் வரை நகர மாட்டேன் என்றேன். என் இடப்பக்கம் தனகோட்டி வந்து நின்றார், வலப்பக்கம் இவர். விறைப்பாக. கர்னல் டாக்டர் சாப்பிட்டு வந்ததும் அணிவகுப்பைப் பார்த்துவிட்டு மூன்று கையெழுத்து போட்டார். முத்திரையும் யார் மேசையிலிருந்தோ வந்தது.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இவர் சொன்னார். "ரசீது துவரம்பருப்பு டின்னுல கீது. திங்கக்கெழமையே பாத்துட்டேன்."

எடுக்கவில்லையே என்றேன்.

"எடுக்கல" என்றார்.

ஜூன் 14, வெள்ளி

பருப்பு டின்னிலிருந்து ரசீதை அவரே எடுத்துத் தட்டித் துடைத்தார். மூன்று பேரும் நிலையத்துக்குப் போனோம். எழுத்தர் துப்பாக்கியை எடுத்து வரச் சொல்லி ஆளை அனுப்பினார். வேண்டாம் என்றார் இவர். லைசென்ஸை ஒப்படைக்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். ஏன் சார், நல்ல துப்பாக்கியாச்சே என்றார் எழுத்தர்.

இவர் விறைப்பாக நிற்கவில்லை. மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டார். "எனக்கு ஒடம்பு சரியில்ல, சார்" என்றார்.

கலெக்டர் அலுவலகத்துக்கு மனு கொடுக்க வேண்டும், நாளாகும், அதுவரை இங்கேயே இருக்கலாம் என்றார்கள். நாளாகட்டும். இது ஒன்றுக்கு எவ்வளவு நாளானாலும் எனக்குச் சம்மதம்.

ஜூன் 20, வியாழன்

புதிய ஆஸ்பத்திரியில் முதல் தடவை. உங்கள் திட்டத்தில் வருபவர்களுக்கு வேறு வரிசை என்று ஒரு மணிநேரம் அலையவிட்டார்கள். டாக்டரைப் பார்த்தோம். தனகோட்டியின் கார்டு இன்னும் வரவில்லை, அவரையும் சும்மா உட்காரவைத்துப் பேசி அனுப்பினாள். திரும்பும்போது அவர் கிண்டல் எதுவும் செய்யவில்லை. நன்றாக இருந்தது.

இவர் இன்னும் கேட்டருகே நிற்கிறார். நான் நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன்.

சங்கமித்திரை இப்போது எங்கே இருக்கிறாளோ. விசில் வராத குக்கரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டாய் அல்லவா, பதில் சொல்கிறேன். குக்கரைக் கேட்டுப் பயனில்லை. அடுப்பை அணைத்து, சூடு இறங்கும் வரை காத்திருந்து, மூடியைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கித் துளை வழியாகப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான், வேறு வழி எனக்குத் தெரியாது.

பாடம் முடித்தால் வீட்டுப்பாடம் கொடுக்காமல் இருக்க முடிவதில்லை. இதை யார் படிக்கிறீர்களோ, உங்கள் வீட்டில் எப்போதும் எல்லாம் ஓகே என்று சொல்பவர் ஒருவர் இருந்தால், இன்றைக்குச் சாப்பிட உட்காரும்போது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்காமல், எதிரே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்து, பார்த்ததை அவரிடமே சொல்லுங்கள்.